அடி வாங்கினவங்க சொல்றத எப்படி எழுதி வைக்கிறது: தென்னாப்பிரிக்காவுலயும் ஜிம்பாப்வேலயும் மனித உரிமை வேலை செய்றவங்ககிட்ட கத்துக்கிட்டது

மனித உரிமை வேலைன்னு சொன்னதும் நம்ம ஆளுங்களுக்கு கொடி, மைக், ஊர்வலம், அரெஸ்ட் இதெல்லாம்தான் ஞாபகம் வரும். அதெல்லாம் உண்டுதான். ஆனா ஜோகனஸ்பர்க்ல வேலைக்குன்னு போன எடத்துல மூணு வருஷம் சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு சின்ன சட்ட உதவி ஆபீஸ்ல வாலண்டியரா உக்காந்திருந்தேன், அங்க நான் பார்த்த வரைக்கும் இந்த வேலையில முக்கால்வாசி என்னன்னா ஒருத்தர் எதிர்ல உக்காந்து அவங்க சொல்றத பொறுமையா கேட்டு ஒழுங்கா எழுதி வைக்கிறது. வர்றவங்கள்ல பாதிக்கு மேல ஜிம்பாப்வேல இருந்து தப்பிச்சு வந்தவங்க, மீதி பேர் பக்கத்து டவுன்ஷிப்ல, அதாவது நிறவெறி காலத்துல கருப்பின மக்கள ஒதுக்கி வச்ச குடியிருப்புல, போலீஸ்கிட்டயோ கும்பல்கிட்டயோ அடி வாங்கினவங்க. சட்டம் படிக்கிற தம்பி தங்கச்சிங்க ரெண்டு மூணு பேர் அந்தப் பக்கம் வாலண்டியரா போகணும், எப்படி செய்றதுன்னு கேட்டாங்க, அவங்களுக்காக எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும்.

ஒரு பேப்பருக்கு என்ன மதிப்புன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க. அகமது டிமோல்னு ஒரு ஸ்கூல் வாத்தியார், நிறவெறி அரசுக்கு எதிரா வேலை செஞ்சவரு, 1971 அக்டோபர் 27 அன்னிக்கு ஜோகனஸ்பர்க்ல ஜான் வோர்ஸ்டர் ஸ்கொயர் போலீஸ் தலைமையகத்து மாடியில இருந்து கீழ விழுந்து செத்தாரு. அவரே குதிச்சாருன்னு போலீஸ் சொல்லுச்சு, 1972ல விசாரணை பண்ண மாஜிஸ்திரேட்டும் தற்கொலைன்னு எழுதி மூடிட்டாரு. குடும்பம் விடவே இல்ல. 2017ல அந்த விசாரணைய திரும்ப திறந்தாங்க, அந்த வருஷம் அக்டோபர் 12ஆம் தேதி நீதிபதி பில்லி மோத்லே இது தற்கொலை இல்ல, கொலைதான்னு தீர்ப்பு சொன்னாரு. 46 வருஷம் ஆயிருச்சு, இத்தனை வருஷத்துக்கு அப்புறம் எத வச்சு சொன்னாரு? பழைய போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், உடம்போட போட்டோ, அந்த நேரத்துல அதே கட்டடத்துல அடி வாங்கினவங்களோட சாட்சி. விழறதுக்கு முன்னாடியே உடம்புல இருந்த காயங்கள் எவைன்னு இப்ப இருக்கிற டாக்டர்கள் அந்த பேப்பர பார்த்து பிரிச்சு சொன்னாங்க. காயத்த ஒன்னு ஒன்னா எழுதி வச்ச ஒரு பேப்பர் ஃபைல்ல கிடந்ததாலதான் இது நடந்துச்சு. நீங்க எழுதப் போற பேப்பரும் எந்த வருஷம் எந்த கோர்ட்ல யார் கையில இருக்கும்னு தெரியாது, அத மனசுல வச்சுக்கிட்டு பேனாவ எடுங்க.

சரி, வேலைக்கு வருவோம். ஒருத்தர் உள்ள வர்றாங்க. உடனே ஃபார்ம எடுக்காதீங்க. சாப்பிட்டீங்களா, தண்ணி வேணுமா, எங்கயாவது வலிக்குதா, இன்னிக்கு ராத்திரி தங்க எடம் இருக்கா, இந்த நாலு கேள்விதான் முதல்ல. வயசான அம்மாவா இருந்தா "கோகோ", நடுத்தர வயசுன்னா ஷோனா பேசுறவங்கள "அமாய்", ஜூலு பேசுறவங்கள "மாமா", ஆம்பளைங்கன்னா "பாபா"ன்னு கூப்பிடுங்க, நம்ம ஊர்ல பாட்டி, அம்மா, ஐயான்னு கூப்பிடுற மாதிரிதான், பேர் சொல்லி கூப்பிட்டா மரியாதை இல்லன்னு எடுத்துக்குவாங்க. கூட வந்தவங்க யாருன்னு பாருங்க. சில சமயம் கூட வந்த ஆள் முன்னாடி அவங்க வாயே திறக்க மாட்டாங்க, அதனால "உங்ககிட்ட தனியா கொஞ்சம் பேசலாமா"ன்னு கேட்டு கதவு மூடுற ஒரு ரூம்ல உக்காருங்க. உக்காரும்போது கதவுக்கும் அவங்களுக்கும் நடுவுல நீங்க உக்காராதீங்க, ஜெயில்லயோ லாக்கப்லயோ இருந்துட்டு வந்தவங்களுக்கு வழி மறிச்ச மாதிரி ஒரு பயம் வரும், இத எனக்கு சொல்லிக் கொடுத்தவங்க அங்க இருந்த ஒரு சீனியர் அக்கா.

வலி இருக்குன்னு சொன்னா ஸ்டேட்மென்ட் அப்புறம், டாக்டர் முதல்ல. உள்ளங்கால்ல அடிக்கிறது அந்தப் பக்கம் அடிக்கடி கேள்விப்படுற சித்திரவதை. வீக்கமும் நிறமும் கொஞ்ச நாள்ல போயிரும், வலி மட்டும் வருஷக்கணக்கா இருக்கும், அதனால எவ்வளவு சீக்கிரம் டாக்டர் பாக்குறாரோ அவ்வளவு நல்லது. தென்னாப்பிரிக்காவுல ஜே 88னு ஒரு ஃபார்ம் இருக்கு, அடிதடி, பாலியல் வன்முறை கேஸ்ல டாக்டரோ நர்ஸோ காயத்த உடம்புப் படத்துல குறிச்சு எழுதுற ஃபார்ம், கோர்ட்ல அதுதான் பேசும். ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேல நடந்திருந்தா கவுன்சலிங் சர்வீசஸ் யூனிட்னு சித்திரவதை பட்டவங்களுக்கு வைத்தியமும் மனசுக்கு உதவியும் பண்ற அமைப்பு இருக்கு. டாக்டர்கிட்ட கூட போனீங்கன்னா ஒரே ஒரு விஷயத்த மட்டும் கேட்டுக்கோங்க: நீளம், அகலம், நிறம், எந்தப் பக்கம், இதெல்லாம் எழுதுங்க டாக்டர்னு. "உடம்பெல்லாம் காயம்"னு ஒரு வரி எழுதினா அது எதுக்கும் ஆகாது.

இந்த எடத்துல வெண்டி ஓர் பத்தி சொல்லாம போக முடியல. 1985, எமர்ஜென்சி நேரம், போர்ட் எலிசபெத்ல அரசாங்க டாக்டரா அப்பதான் வேலைக்கு சேர்ந்த சின்னப் பொண்ணு. டெய்லி ஜெயிலுக்குப் போயி புதுசா பிடிச்சுட்டு வந்தவங்கள பாக்குறது அவங்க வேலை. பார்த்தா வர்றவங்க வர்றவங்க எல்லாருக்கும் முதுகுல தடிப்பு, காது ஜவ்வு கிழிஞ்சிருக்கு. அவங்களுக்கு மேல இருந்த டாக்டர் யாருன்னா, 1977ல நிறவெறிய எதிர்த்த தலைவர் ஸ்டீவ் பிகோ போலீஸ் பிடியில சாகுறதுக்கு முன்னாடி அவர பரிசோதிச்சுட்டு ஒன்னும் இல்லன்னு சர்ட்டிஃபிகேட் எழுதினவரு. இந்தப் பொண்ணு கத்தல, கூட்டம் போடல, ஒவ்வொரு ஆளோட கார்டுலயும் என்ன காயம், எப்படி வந்துச்சுன்னு அவங்க சொன்னாங்கன்னு எழுதிக்கிட்டே போனாங்க, அத வச்சு கோர்ட்டுக்குப் போயி கைதிகள போலீஸ் அடிக்கக் கூடாதுன்னு 1985 செப்டம்பர்ல தடை உத்தரவு வாங்கினாங்க. அரசாங்க சம்பளம் வாங்குற ஒரு டாக்டர் அந்த ஆட்சியில அப்படி செஞ்சத நினைச்சா இப்பவும் எனக்கு மெய் சிலிர்க்குது.

அடுத்தது சம்மதம். "ஸ்டேட்மென்ட் கொடுக்க சம்மதமா"ன்னு ஒரே கேள்வியா கேட்டு டிக் அடிக்கிறது ரொம்ப தப்பு, இத பல எடத்துல பார்த்திருக்கேன். மூணு தனித்தனி கேள்வி அது. நான் எழுதிக்கலாமா. உங்க பேர் வெளிய வரலாமா. யார் யார் இத பாக்கலாம், லாயர் மட்டுமா, அறிக்கையில சேர்க்கலாமா, பத்திரிகைக்குப் போகலாமா. ஒன்னுக்கு சரின்னு சொன்னவங்க இன்னொன்னுக்கு வேண்டாம்னு சொல்லலாம், அடுத்த வாரம் மனசு மாறலாம், அதுவும் அவங்க உரிமை, அப்படியே எழுதி வையுங்க. ஊர்ல இன்னும் அப்பா அம்மா இருக்காங்களா, புள்ளைங்க இருக்காங்களான்னு கேளுங்க, ஏன்னா இங்க பேர் வந்தா அங்க வீடு எரியும். அப்புறம் எதையும் வாக்கு கொடுக்காதீங்க. "கண்டிப்பா கேஸ் ஜெயிக்கும்", "உங்களுக்கு அகதி பேப்பர் கிடைச்சுரும்" இப்படி ஆறுதலுக்கு சொல்ற ஒரு வார்த்தை அவங்க வாழ்க்கைய தப்பான பக்கம் திருப்பிரும். காசும் கொடுக்கக் கூடாது, சாட்சிய விலைக்கு வாங்கினாங்கன்னு எதிர் தரப்பு சொல்லும். டாக்ஸி காசு கொடுக்கலாம், அங்க டாக்ஸின்னா நம்ம ஷேர் ஆட்டோ மாதிரி ஆள் ஏத்திட்டுப் போற மினிபஸ், அதோட சாப்பாடு வாங்கிக் கொடுக்கலாம், அவ்வளவுதான், அதையும் ஒரு நோட்ல எழுதி வச்சிருங்க.

இப்ப எழுதுறது. பேர்லயே முதல் சிக்கல் வரும். ஷோனா வழக்கத்துல கல்யாணமாகி புள்ள பெத்த அம்மாவ மூத்த புள்ள பேர வச்சு "மாய் இன்னார்"னுதான் ஊரே கூப்பிடும், நம்ம பக்கம் "முருகன் அம்மா"ன்னு சொல்ற மாதிரி. அவங்களும் பேர் என்னன்னா அதைத்தான் சொல்லுவாங்க. அடையாள அட்டையில வேற பேர் இருக்கும், மிஷன் ஆஸ்பத்திரி சீட்டுல இன்னொரு பேர் இருக்கும். மூணையும் எழுதுங்க, எந்த பேர் எந்த பேப்பர்ல இருக்குன்னு எழுதுங்க. இல்லன்னா நாலு வருஷம் கழிச்சு இவங்கதான் அவங்கன்னு நிரூபிக்கவே ஒரு அஃபிடவிட் போட வேண்டி வரும்.

அப்புறம் பேனாவ கீழ வச்சுட்டு முழுசா ஒரு தடவ சொல்ல விடுங்க. குறுக்க பேசாதீங்க, தேதி கேக்காதீங்க. துக்கம் பட்டவங்க வரிசையா சொல்ல மாட்டாங்க, கடைசியில இருந்து ஆரம்பிப்பாங்க, நடுவுல அவங்க மாடு செத்தத பத்தி சொல்லுவாங்க, நாம எரிச்சல் படக் கூடாது, அந்த மாடுதான் அவங்களுக்கு எல்லாமே. ரெண்டாவது சுத்துலதான் கேள்வி. தேதி ஞாபகம் இல்லன்னா கட்டாயப்படுத்தி ஒரு தேதிய வாங்காதீங்க, தேர்தலுக்கு முன்னாடியா பின்னாடியா, மக்காச்சோளம் அறுவடை முடிஞ்சிருச்சா, ஸ்கூல் திறந்திருந்துச்சா, சர்ச்சுக்குப் போன ஞாயித்துக்கிழமைக்கு எத்தன நாள் கழிச்சு, இப்படி கேட்டா அவங்களே ஒரு எடத்துக்கு வந்து நிப்பாங்க. "ஏப்ரல் மாசம், அறுவடை நேரம், தேதி ஞாபகம் இல்ல"ன்னு எழுதின ஸ்டேட்மென்ட்தான் நிக்கும், "ஏப்ரல் 14"னு யூகத்துல எழுதினது குறுக்கு விசாரணையில உடையும். ஒரு வெள்ளத் தாள கொடுத்து எடத்த வரைஞ்சு காட்டச் சொல்லுங்க, வீடு எங்க, ரோடு எங்க, வண்டி எங்க நின்னுச்சு. எழுதப் படிக்கத் தெரியாதவங்க கூட அழகா வரைவாங்க, வரையும்போது வார்த்தையில வராதது எல்லாம் வரும்.

பார்த்தது, கேட்டது, நினைக்கிறது இந்த மூணையும் கலக்காதீங்க, எல்லாத்துலயும் முக்கியமானது இதுதான். ஜெஸ்டினா முகோகோ கதை தெரிஞ்சா இது புரியும். ஒரு காலத்துல ஜிம்பாப்வே டிவியில செய்தி வாசிச்சவங்க, அப்புறம் ஜிம்பாப்வே பீஸ் ப்ராஜெக்ட்னு ஒரு அமைப்ப நடத்தினாங்க, கிராமம் கிராமமா ஆள் வச்சு யார் யார அடிச்சாங்க, யாருக்கு ஆளுங்கட்சிக்காரன் இல்லன்னு சொல்லி அரசாங்க தானியம் கொடுக்கலன்னு மாசாமாசம் பதிவு பண்ற வேலை. 2008 தேர்தல் வன்முறைய அப்படி பதிவு பண்ணிட்டு இருந்தவங்கள அந்த வருஷம் டிசம்பர் 3 விடியக்காலையில ஹராரே பக்கத்துல நார்டன்ல இருக்கிற அவங்க வீட்டுல இருந்து ராத்திரி உடுப்போட தூக்கிட்டுப் போனாங்க. எங்க இருக்காங்கன்னு 21 நாள் யாருக்கும் தெரியல, போலீஸ் எங்ககிட்ட இல்லவே இல்லன்னு சொல்லுச்சு, டிசம்பர் 24 அன்னிக்குத்தான் கோர்ட்ல கண்ணுல காட்டினாங்க. அவங்க பின்னாடி கொடுத்த வாக்குமூலத்துல கண்ண கட்டி வச்சிருந்த நேரம் என்ன உணர்ந்தாங்களோ அத மட்டும் சொல்லியிருக்காங்க, உள்ளங்கால்ல ரப்பர் மாதிரி ஒரு சாமானால அடிச்சாங்க, சரளக் கல்லுல முட்டி போட வச்சாங்கன்னு. "ரப்பர் மாதிரி"ங்கிற அந்த மாதிரிதான் ஒரு நல்ல சாட்சியத்தோட உயிர், தெரிஞ்ச அளவுக்கு மேல ஒரு அடி கூட வைக்கல. 2009 செப்டம்பர் 28 அன்னிக்கு ஜிம்பாப்வே சுப்ரீம் கோர்ட் அவங்க மேல போட்ட கேஸ நிரந்தரமா நிறுத்திருச்சு, அரசாங்க ஆளுங்க அவங்க உரிமைய மீறி நடத்தினதால அந்தக் கேஸ நடத்தவே கூடாதுன்னு. அந்த அரசாங்கம் இருந்த நிலையில அந்த ஊர் கோர்ட்ல இருந்து அப்படி ஒரு தீர்ப்பு வந்தது சாதாரண விஷயம் இல்ல. மத்தவங்க கதைய எழுதி எழுதி பழகினவங்களுக்கு தன் கதையையும் எப்படி சொல்லணும்னு தெரிஞ்சிருந்துச்சுன்னுதான் எனக்குத் தோணும்.

நான் பண்ண ஒரு தப்ப சொல்றேன், நீங்க பண்ணாதீங்க. ஒரு பையன், ஜிம்பாப்வேல இருந்து வந்தவன், ஷோனாவுல "வகந்திரோவா"ன்னு சொன்னான், என்ன அடிச்சாங்கன்னு அர்த்தம், அவ்வளவுதான் அந்த வார்த்தையில இருக்கு. நான் நல்லா இருக்கட்டும்னு இங்கிலீஷ்ல "பாதுகாப்புப் படையினர் சித்திரவதை செய்தனர்"னு பொருள் வர்ற மாதிரி எழுதிட்டேன். யார் அடிச்சாங்கன்னு அவன் சொல்லவே இல்ல, நானும் கேக்கல. அப்புறம் அகதி விண்ணப்ப விசாரணையில அவன்கிட்ட கேட்டப்ப யூனிஃபார்ம் இல்லாத நாலு பசங்கன்னு உள்ளத சொன்னான், பேப்பர்ல வேற இருக்குன்னு அவன் சொன்ன எதையுமே நம்பல. அத சரி பண்ண லாயருக்கு மாசக்கணக்கா ஆச்சு, அந்த மாசமெல்லாம் அவன் பேப்பர் இல்லாம ஒளிஞ்சு ஒளிஞ்சு வேலைக்குப் போனான். அதுக்கப்புறம் அவங்க சொன்ன மூல வார்த்தைய அப்படியே எழுதிட்டு பக்கத்துல மொழிபெயர்ப்பு எழுதுறத பழக்கமாக்கிட்டேன். மொழிபெயர்க்கிற ஆள் யாருன்னும் எழுதணும், சொந்தக்காரங்கள வச்சு மொழிபெயர்க்காதீங்க, பாட்டி சொல்றத பேரன் கூச்சப்பட்டு முழுங்கிருவான்.

கொடூரம், காட்டுமிராண்டித்தனம், வெறியாட்டம் இந்த மாதிரி வார்த்தைய ஸ்டேட்மென்ட்ல போடாதீங்க, கோபம் எனக்கும் வரும், ஆனா அந்த பேப்பர்ல அதுக்கு எடம் இல்ல. "எத்தன பேர், என்ன உடுப்பு, என்ன மொழியில பேசிக்கிட்டாங்க, ஒருத்தர ஒருத்தர் என்ன பேர் சொல்லி கூப்பிட்டாங்க, என்ன வண்டி, நம்பர் பிளேட் இருந்துச்சா, கையில என்ன இருந்துச்சு"ன்னு கேளுங்க. நீங்களே பதில எடுத்துக் கொடுக்காதீங்க. "போலீஸா அடிச்சது?"ன்னு கேட்டா ஆமான்னுதான் வரும், "யாரு அடிச்சாங்க, அவங்கள பத்தி என்ன ஞாபகம் இருக்கு"ன்னு கேளுங்க.

பொம்பளைங்ககிட்ட பேசும்போது இன்னொரு விஷயம், இது நிறவெறி ஆட்சி முடிஞ்சதும் அந்தக் காலத்துல நடந்தத விசாரிக்க தென்னாப்பிரிக்கா அமைச்ச உண்மை அறியும் ஆணையத்துல இருந்து எல்லாரும் கத்துக்கிட்ட பாடம். 1996 ஏப்ரல்ல ஈஸ்ட் லண்டன்ல விசாரணை ஆரம்பிச்சாங்க, மொத்தமா 21,000க்கு மேல ஸ்டேட்மென்ட் வாங்கினாங்க. வந்த பொம்பளைங்க நிறைய பேர் புருஷனுக்கு என்ன ஆச்சு, மகனுக்கு என்ன ஆச்சுன்னுதான் சொன்னாங்க, தனக்கு என்ன ஆச்சுன்னு சொல்லல. அத கவனிச்சு சொல்லி பொம்பளைங்களுக்குன்னே தனியா விசாரணை நாள் வைக்க வச்சவங்களும் அங்க இருந்த பெண் ஆர்வலர்கள்தான். அதனால அவங்க மகன பத்தி முழுசா சொல்லி முடிக்கட்டும், மரியாதையா எழுதுங்க, அப்புறம் மெதுவா "அமாய், அந்த நேரம் நீங்க எங்க இருந்தீங்க, உங்களுக்கு என்ன ஆச்சு"ன்னு கேளுங்க. பதில் வரலன்னா விட்ருங்க. அடுத்த வாரம் அவங்களே வந்து சொல்லுவாங்க, சில பேர் சொல்லவே மாட்டாங்க, அதுவும் சரிதான். கேக்குறது பொம்பளையா இருந்தா நல்லது. நவி பிள்ளை தெரியும்ல, டர்பன்ல பஸ் டிரைவர் மகளா பிறந்த தமிழ் வம்சாவளி வக்கீல், நிறவெறி காலத்துல ராபன் தீவு ஜெயில்ல இருந்த அரசியல் கைதிகளுக்கு வக்கீல பாக்குற உரிமைய கோர்ட்ல வாங்கிக் கொடுத்தவங்க. அவங்க பின்னாடி 1994 ருவாண்டா இனப்படுகொலைய விசாரிச்ச ஐ.நா. தீர்ப்பாயத்துல நீதிபதியா இருந்தப்ப, அகயேசுன்னு ஒரு மேயர் மேல நடந்த வழக்குல குற்றப்பத்திரிகையில பாலியல் வன்முறையே முதல்ல கிடையாது. ஒரு சாட்சி வேற ஏதோ சொல்லிட்டு வரும்போது அது வாயில வந்துச்சு, பெஞ்ச்ல இருந்த ஒரே பெண் நீதிபதி இவங்க, விடாம கேள்வி கேட்டாங்க. அப்புறம் குற்றப்பத்திரிகையையே திருத்தினாங்க. 1998ல பாலியல் வன்முறையும் இனப்படுகொலையோட ஒரு வடிவம்னு முதல் தடவையா ஒரு சர்வதேச தீர்ப்பாயம் தீர்ப்பு சொல்லுச்சு. கேக்க ஒரு ஆள் இருந்ததால வெளிய வந்த உண்மை அது.

எழுதி முடிச்சதும் அவங்க மொழியில திரும்ப வாசிச்சுக் காட்டுங்க, முழுசா, ஒரு வரி விடாம. திருத்தம் சொன்னா அடிச்சுட்டு பக்கத்துல எழுதி ரெண்டு பேரும் சின்ன கையெழுத்து போடுங்க, வெள்ளை மை தடவாதீங்க. கோர்ட்டுக்குப் போறதுன்னா அத அஃபிடவிட்டா மாத்தணும், அங்க கமிஷனர் ஆஃப் ஓத்ஸ், அதாவது சத்தியம் வாங்க அதிகாரம் இருக்கிறவர் முன்னாடி சத்தியம் பண்ணி கையெழுத்து போடணும். தென்னாப்பிரிக்காவுல எந்த போலீஸ் ஸ்டேஷன்லயும் இத இலவசமா செஞ்சு ஸ்டாம்ப் அடிச்சுக் கொடுப்பாங்க, ஆனா விசா பேப்பர் இல்லாதவங்கள போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பாதீங்க, போலீஸ் மேலயே புகார்னாலும் அனுப்பாதீங்க, ஒரு வக்கீல்கிட்ட கூட்டிட்டுப் போங்க, கேஸ்ல சம்பந்தம் இல்லாத வக்கீலா இருக்கணும், கேஸ நடத்துற வக்கீலே ஸ்டாம்ப் அடிச்சா செல்லாதுன்னு ஆயிரும். அங்க போறதுக்கு முன்னாடியே கையெழுத்து போட்ற கூடாது, அவர் கண்ணு முன்னாடிதான் போடணும்.

போட்டோ எடுக்கும்போது முதல்ல ஆள் முழுசா தெரியுற மாதிரி ஒன்னு, அப்புறம் அந்த பாகம், அப்புறம் கிட்டத்துல, பக்கத்துல ஒரு 5 ராண்ட் காசு வச்சு எடுத்தா காயத்தோட அளவு தெரியும். ஃபில்டர், கிராப் எதுவும் பண்ணாதீங்க, ஒரிஜினல தொடாம தனியா வையுங்க. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா தரமும் குறையும், எந்த நேரம் எடுத்ததுன்னு உள்ள இருக்கிற விவரமும் போயிரும், கோர்ட்டுக்கு அந்த காப்பி பயன்படாது. அனுப்பியே ஆகணும்னா சிக்னல்னு இருக்கிற ஆப்ல டாக்குமென்ட்டா அனுப்புங்க. ஸ்டேட்மென்ட்ல பேருக்குப் பதிலா ஒரு நம்பர், எந்த நம்பர் யாருங்கிற லிஸ்ட் வேற எடத்துல, ரெண்டும் ஒரே பையில, ஒரே லேப்டாப்ல என்னிக்கும் இருக்கக் கூடாது. ஜிம்பாப்வேல இந்த மாதிரி ஆபீஸ்கள ரெய்டு பண்ணி ஃபைல எடுத்துட்டுப் போன அனுபவம் நிறைய பேருக்கு உண்டு, அவங்க கையில லிஸ்ட் கிடைச்சா நீங்க எழுதினதே அந்த ஆளுங்கள வேட்டையாடுற பேப்பரா மாறிரும்.

ஒருத்தர இப்பதான் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு போன் வந்தா மேல சொன்ன நிதானமெல்லாம் செல்லாது, அப்ப வேகம்தான். கடைசியா பார்த்தது யாரு, எத்தன மணிக்கு, எந்தப் பக்கம் போச்சு வண்டி, என்ன உடுப்பு போட்டிருந்தாரு, என்ன மாத்திரை சாப்பிடுறவரு, இவ்வளவு போதும், உடனே லாயருக்கு சொல்லுங்க. தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே ரெண்டு நாட்டு அரசியலமைப்புலயும் பிடிச்ச ஆள 48 மணி நேரத்துல கோர்ட்டுக்குக் கொண்டு வரணும்னு இருக்கு. ஜிம்பாப்வேன்னா 1996ல ஆரம்பிச்ச ஜிம்பாப்வே லாயர்ஸ் ஃபார் ஹியூமன் ரைட்ஸ் ஆளுங்க ராத்திரியும் போன் எடுப்பாங்க. லாயர் ஸ்டேஷன் ஸ்டேஷனா தேடிட்டு ஆட்கொணர்வு மனு போடுவாங்க. நீங்க எந்த ஸ்டேஷன்ல எத்தன மணிக்கு யார கேட்டீங்க, என்ன பதில் சொன்னாங்கன்னு எல்லாத்தையும் எழுதுங்க, "இல்ல"ன்னு சொன்ன பதிலும் சாட்சிதான். இதெல்லாம் செஞ்சும் ஆள் கிடைக்காம போறதும் உண்டு. இடாய் சமாரான்னு ஒரு பத்திரிகைக்காரர், அப்ப ஜனாதிபதியா இருந்த முகாபே பதவி விலகணும்னு ஹராரேல ஒரு சதுக்கத்துல உக்காந்து போராடினவரு, 2015 மார்ச் 9 அன்னிக்கு வீட்டுப் பக்கத்துல முடி வெட்டுற கடையில இருந்து தூக்கினாங்க. அவர் மனைவி கோர்ட்டுக்குப் போனாங்க, தேடச் சொல்லி சில நாள்லயே உத்தரவும் வந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் அவர் எங்கன்னு குடும்பத்துக்குத் தெரியாது. அந்த அம்மாவ நினைக்கும்போது எனக்கு எழுத வரல.

எழுதின பேப்பர் எங்க போகும்? தென்னாப்பிரிக்காவுல போலீஸ் அடிச்ச கேஸுன்னா இபிட்னு போலீஸ விசாரிக்கிற தனி அமைப்பு இருக்கு, மனித உரிமை ஆணையத்துலயும் காசு இல்லாம புகார் கொடுக்கலாம். நஷ்ட ஈடு கேக்குறதா இருந்தா 2002ல வந்த ஒரு சட்டப்படி 6 மாசத்துக்குள்ள அரசாங்கத் துறைக்கு எழுத்துல நோட்டீஸ் கொடுத்தாகணும், இது தெரியாம நல்ல கேஸ் எத்தனையோ வீணாகுது, அதனால ஸ்டேட்மென்ட் எழுதின அன்னிக்கே மேல அந்த கடைசி தேதிய சிவப்பு மையில எழுதிருங்க. உள்ளூர்ல எல்லா வழியும் அடைஞ்சா காம்பியாவுல பஞ்சுல் ஊர்ல இருக்கிற ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாம். அதோட சாசனம் 56ஆவது பிரிவுல நிபந்தனைகள் இருக்கு: உள்ளூர் கோர்ட்ல முயற்சி பண்ணியிருக்கணும், அவமதிக்கிற மொழியில எழுதியிருக்கக் கூடாது, பேப்பர் செய்திய மட்டும் வச்சு எழுதியிருக்கக் கூடாது. மேல அந்த கோப வார்த்தைங்க வேண்டாம்னு சொன்னேன்ல, அதுக்கு இதுவும் ஒரு காரணம். முன்னாடி நமீபியாவுல விண்ட்ஹூக்ல தெற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குன்னு ஒரு தீர்ப்பாயம் இருந்துச்சு, 2008ல ஜிம்பாப்வே அரசுக்கு எதிரா ஒரு நிலத் தீர்ப்பு கொடுத்துச்சு, 2010ல தலைவருங்க எல்லாம் சேர்ந்து அதையே நிறுத்தி வச்சுட்டாங்க. அந்தக் கதவு மூடினது பெரிய இழப்பு.

கோர்ட்டுக்கே போகாத பேப்பரும் வீண் இல்ல. 1980கள்ல ஜிம்பாப்வேல மடபேலேலேண்ட் பக்கம் அரசாங்க ராணுவத்தோட ஐந்தாவது படைப்பிரிவு ஆயிரக்கணக்கான ஜனங்கள கொன்னப்ப வெளிய பேச யாரும் இல்ல, அந்த நேரத்துல கத்தோலிக்க நீதி அமைதி ஆணையம் சேர்த்து வச்ச பேப்பர், அப்புறம் ஊர் ஊரா போயி வாங்கின சாட்சி எல்லாத்தையும் வச்சு 1997ல லீகல் ரிசோர்சஸ் ஃபவுண்டேஷன் கூட சேர்ந்து அறிக்கை போட்டாங்க. இன்னிக்கு அந்தக் கொலைகள பத்தி யார் பேசினாலும் அதுல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க.

உங்க பாதுகாப்பு பத்தி சுருக்கமா. இந்த வேலையில உயிர் போகும், இது உண்மை. பக்கத்து நாடான எஸ்வாதினில, முன்னாடி ஸ்வாசிலாந்துன்னு பேர், வக்கீல் துலானி மசேகோவ 2023 ஜனவரி 21 ராத்திரி அவர் வீட்டுலயே குடும்பத்து முன்னாடி சுட்டுக் கொன்னாங்க. தென்னாப்பிரிக்காவுல க்வாசுலு நடால்ல நிலக்கரி சுரங்கத்த எதிர்த்த ஃபிகிலே ந்ட்ஷங்காசே அம்மாவ 2020 அக்டோபர்ல அவங்க வீட்டுலயே சுட்டாங்க. நம்மள மாதிரி வெளிநாட்டு பாஸ்போர்ட் இருக்கிறவங்களுக்கு பிரச்சன வந்தா ஃப்ளைட் ஏறிரலாம், உள்ளூர் மொழிபெயர்ப்பாளருக்கும் டிரைவருக்கும் அந்த வழி இல்ல, அதனால எந்த ஊருக்குப் போறது, எந்த நேரம் திரும்புறதுன்னு முடிவு பண்றது அவங்களா இருக்கணும். வெளிய போனா மணிக்கு ஒரு தடவ ஆபீஸுக்கு மெசேஜ், வரலன்னா யார் யாருக்கு போன் பண்றதுன்னு முன்னாடியே பேசி வையுங்க. ராத்திரி தூக்கம் வரலன்னா, சாப்பாடு இறங்கலன்னா கூட வேலை செய்றவங்ககிட்ட சொல்லுங்க. தொடர்ந்து நாலு பேர்கிட்ட சித்திரவதை கதை கேட்ட ஒரு சனிக்கிழமைக்கு அப்புறம் நான் ரெண்டு வாரம் போகல, அந்த சீனியர் அக்காவே வீட்டுக்கு வந்து பேசி கூட்டிட்டுப் போனாங்க, அதுக்கப்புறம் ஒரு நாளைக்கு ரெண்டு பேருக்கு மேல எழுதக் கூடாதுன்னு ரூல் போட்டாங்க.

கடைசியா ஒன்னு, நிறைய பேர் விட்டுர்றது. ஸ்டேட்மென்ட் வாங்கிட்டு அதோட மறந்துருவாங்க. ஒரு அம்மா எங்க ஆபீஸுக்கு மாசாமாசம் முதல் சனிக்கிழமை வருவாங்க, வேற ஒன்னும் கேக்க மாட்டாங்க, "என் பேப்பர் எங்க இருக்கு"ன்னு மட்டும் கேப்பாங்க. எனக்கு பதில் தெரியாத நாள்ல அவங்க முகத்த பாக்க முடியல. அதுக்கப்புறம் ஒரு நோட்டு போட்டோம், ஒவ்வொரு நம்பருக்கும் எதிர்ல பேப்பர் இப்ப யார்கிட்ட இருக்கு, அடுத்து என்னிக்கு அவங்களுக்கு போன் பண்ணணும்னு. ஒன்னும் நடக்கலன்னாலும் அந்த தேதியில போன் பண்ணி ஒன்னும் நடக்கல அமாய், லாயர்கிட்டதான் இருக்குன்னு சொல்லணும். முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க எந்த நம்பருக்கு, எந்த நேரத்துக்கு பண்ணலாம், வேற யாராவது எடுத்தா நீங்க யாருன்னு சொல்லணும்னு. மாசாமாசம் வந்த அந்த அம்மா எங்ககிட்ட சொன்னது, சர்ச்ல இருந்து பேசுறேன்னு சொல்லு.